பண்ணைப்புரத்து பேண்ட்: பாவலர் பிரதர்ஸ் கதை

1958-இல் கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அரசுக்குத் தேவிகுளத்தில் ஒரு தலைவலி வந்தது. முந்தைய ஆண்டுத் தேர்தலில் அங்கே ஜெயித்திருந்த ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது. எதிர்த்து நிற்க வந்த பி.கே. நாயரின் வேட்புமனுவைத் தள்ளுபடி செய்தது தவறு என்பது காரணம். மறுபடியும் தேர்தல். 126 பேர் தேர்ந்தெடுக்கப்படும் சட்டமன்றத்தில் கட்சிக்கு இருந்தது 60 இடம். ஐந்து சுயேச்சைகளைக் கூட வைத்துக்கொண்டுதான் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு ஆட்சி நடத்திக்கொண்டிருந்தார். ஓர் இடம் கைவிட்டுப் போனாலும் மூச்சு முட்டும்.

ரோசம்மா காஞ்சிரப்பள்ளியில் பிறந்த வழக்கறிஞர். நல்ல பேச்சாளர், ஆனால் மலையாளத்தில். ஓட்டுப் போட வேண்டியவர்களோ தேயிலைத் தோட்டத்து லயங்களில் குடியிருந்த தமிழர்கள். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் கங்காணிகளோடு மலையேறியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கிளர்ச்சி நடந்து, அது நடக்காமல் போய், 1956 நவம்பர் 1-ஆம் தேதி கேரளத்துக்குள் வைக்கப்பட்டவர்கள். அந்தக் காயம் பட்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அவர்களிடம் போய் மலையாளத்தில் ஓட்டுக் கேட்டு என்ன பயன்?

அப்போதுதான் மலைக்குக் கீழே பண்ணைப்புரத்திலிருந்து ஓர் ஆர்மோனியப் பெட்டி மேலே ஏறியது.

பெட்டிக்காரர் பாவலர் வரதராசன். கட்சி மேடைகளில் பாடுகிறவர். ஊருக்கெல்லாம் தெரிந்த சினிமா மெட்டை எடுத்து, அதில் தோட்டத் தொழிலாளியின் கூலியையும் கங்காணியின் கெடுபிடியையும் வார்த்தையாக ஏற்றிவிடுவார். கேட்கிறவனுக்கு மெட்டு ஏற்கெனவே பழக்கம் என்பதால் இரண்டாவது தடவை பாடும்போதே கூட்டம் சேர்ந்து பாடும். ரோசம்மா ஜெயித்தார். அந்த வெற்றி பாவலருக்குத்தான் சேர வேண்டும் என்று நம்பூதிரிபாடே பாராட்டினார் என்பது தேனிப் பக்கம் இன்றும் சொல்லப்படும் கதை. பாட்டால் மட்டும் தேர்தல் ஜெயிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஒரு மலைத் தொகுதியின் பிரச்சாரத்தைப் பற்றிப் பேசும்போது வேட்பாளருக்கு அடுத்தபடியாகப் பாட்டுக்காரர் பெயர் நினைவில் நிற்கிறது என்றால், அந்தப் பாட்டு ஏதோ செய்திருக்கிறது.

அந்த ஆண்டுகளில்தான் அவருடைய தம்பி ராசய்யா குழுவில் சேர்ந்தான். வயது பதினான்கு, பதினைந்து. பின்னாளில் இளையராஜா.

இளையராஜாவைப் பற்றி எழுதும் எல்லோரும் இந்தக் குழுவை ஒரு பத்தியில் முடித்துவிட்டு 1976-இல் வந்த 'அன்னக்கிளி'க்குத் தாவிவிடுவார்கள். பெரிய கோவிலுக்குப் போகிற அவசரத்தில் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்வது போல. இந்தக் கட்டுரை அந்த ஒரு பத்தியைப் பற்றியது. பாவலர் பிரதர்ஸ் என்பது முன்னுரை அல்ல. பத்தாண்டுக்கு மேல் ஊர் ஊராகச் சுற்றிய, முன்னணிப் பாடகரும் தாளக்காரரும் சொந்தப் பாணியும் கொண்ட முழுமையான ஒரு பேண்ட். அப்படி ஒரு சொல் அன்று கம்பம் பள்ளத்தாக்கில் புழங்கவில்லை, அவ்வளவுதான்.

மலையடிவார ஊர்

பண்ணைப்புரம் இன்று தேனி மாவட்டத்தின் உத்தமபாளையம் தாலுகாவில் இருக்கிறது. 1996 வரைக்கும் மதுரை மாவட்டம். தேவாரத்துக்கும் கோம்பைக்கும் நடுவே, மேற்கு மலைத்தொடரை முதுகுக்கு அண்டக் கொடுத்து உட்கார்ந்திருக்கும் ஊர். பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் லோயர் கேம்ப்பில் இறங்கி, கூடலூர், கம்பம், சின்னமனூர் வயல்களில் இருபோகம் விளைவித்தது. அந்தத் தண்ணீர் எட்டாத மலையடிவாரக் கிராமங்களில் மானாவாரிதான். வேலை தேடி மலையேறுவது பழைய வழக்கம். இன்றைக்கும் விடிகாலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களைப் பார்க்கலாம். அவர்கள் பறிக்கும் ஏலக்காய் போடிக்கு இறங்கி ஏலம் போகிறது.

மலைக்கும் சமவெளிக்கும் போக்குவரத்து எப்போதும் இருந்தது. மூணாறின் தேயிலைப் பெட்டிகள் ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்கு வந்தன. தேயிலை இறங்கிய மலைக்குப் பாட்டு ஏறியதில் ஆச்சரியம் இல்லை. கும்மி, நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் கூலிக்குப் போன பெண்களோடு மேலே போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தன. தன் இசையின் முதல் வாத்தியார் அம்மா சின்னத்தாய்தான் என்று இளையராஜா சொல்லாத மேடை கிடையாது. அதில் உபசாரம் எதுவும் இல்லை. வயலில் பாடும் பெண்ணுக்குத் தாளம் வேலையிலிருந்து வருகிறது. நாற்றை ஊன்றும் கைக்கு ஏற்ப அடி நீளும், குறையும். அந்தக் கணக்கு காதில் ஏறிவிட்ட பிள்ளைக்கு வேறு எந்தத் தாளமும் அந்நியமாகத் தெரியாது.

தந்தை டேனியல் ராமசாமி. மகன்கள் வரதராசன், பாஸ்கர், ராசய்யா, அமர்சிங். கடைசியானவர் கங்கை அமரன். சாதி ஊரின் ஓரத்தில் வைத்திருந்த குடும்பம். கட்சி மேடை அவர்களை ஊருக்கு நடுவே, மைக்குக்கு முன்னால் நிறுத்தியது. இதைச் சொன்னால் இளையராஜாவுக்குப் பிடிக்காது. தன்னை அந்தச் சிமிழுக்குள் அடைக்க யாரையும் அவர் விட்டதில்லை. அது அவர் உரிமை. ஆனால் 1950-களின் மதுரைச் சீமையில் ஓர் ஆர்மோனியக்காரருக்கு எந்தத் தெருவில் மேடை கிடைத்தது, எந்தத் தெருவில் கிடைக்கவில்லை என்பதை விட்டுவிட்டு இந்தக் குழுவின் கதையைச் சொல்ல முடியாது.

பெட்டி, தபலா, பெண் குரல்

ஒரு பொதுக்கூட்டத்தில் பாட்டுக் குழுவின் வேலை என்ன? ஆறு மணிக்கு என்று நோட்டீஸ் அடித்திருப்பார்கள். தலைவர் வர ஒன்பதாகும். அதுவரை கூட்டம் கலையக் கூடாது. வயல்வேலை முடித்து வந்தவன், கைப்பிள்ளைக்காரி, பீடி பிடிக்கப் போனவன் எல்லோரையும் குழாய் ஸ்பீக்கர் வழியாக இழுத்துப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் கூட்டம் கைதட்டாமல் இருப்பதோடு நிற்காது, எழுந்து போய்விடும். சபாக் கச்சேரியில் இந்த ஆபத்து இல்லை. அங்கே டிக்கெட் வாங்கியவன் காசுக்காகவாவது உட்கார்ந்திருப்பான்.

வரதராசனின் ஆயுதம் பழகிய மெட்டு. டூரிங் கொட்டகையிலும் இலங்கை வானொலியிலும் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டு. அதன் சந்தத்தை அச்சுப் பிசகாமல் எடுத்துக்கொண்டு, காதலியின் கண் இருந்த இடத்தில் அரிசி விலையை வைப்பார். எதுகை நின்ற இடத்தில் எதுகை நிற்கும், இழுப்பு இருந்த இடத்தில் இழுப்பு இருக்கும். இதை நையாண்டிப் பாட்டு என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் ஒரு தடவை முயன்று பார்க்கட்டும். பஸ்ஸில் போகும்போதே அந்த ஊரின் பிரச்சினையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ராத்திரி மேடையில் அது பாட்டாக வந்துவிட வேண்டும். மெட்டு முதலில், வார்த்தை பிறகு: தமிழ் சினிமாவில் பாட்டு உண்டாகும் முறையும் இதேதான். இந்தச் சகோதரர்கள் கோடம்பாக்கம் போவதற்கு முன்பே கோடம்பாக்கத்து வேலையைச் சிவப்புக் கொடியின் கீழ் செய்து பழகிவிட்டார்கள்.

குழுவில் ராசய்யாவுக்கு முதலில் கிடைத்தது பெண் குரல். டூயட் பாட வேண்டும், பெண் பாடகி கிடையாது, தம்பிக்கு இன்னும் தொண்டை உடையவில்லை. கூட்டம் அதை ரசித்தது. ஆனால் தொண்டை உடையாமல் இருக்குமா? உடைந்தது. பாட்டிலிருந்து வாத்தியத்துக்கு நகர வேண்டியதாயிற்று. அண்ணனின் ஆர்மோனியத்தைத் தொட்டால் கையில் அடி விழும் என்பதையும், அண்ணன் இல்லாத நேரம் பார்த்துத் திருட்டுத்தனமாகவே பழகினேன் என்பதையும் இளையராஜா பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பாஸ்கர் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். அமர் வளர வளர கிட்டாரும் பாட்டெழுத்தும் அவர் பக்கம் வந்தன.

இங்கே இன்னொரு பயிற்சியும் நடந்தது. அன்றைய சினிமாப் பாட்டு ஒன்றும் எளிய சங்கதி இல்லை. விஸ்வநாதன்-ராமமூர்த்தி காலம். போங்கோவும் காங்காவும் மராக்கஸும் சா-சா-சா தாளமும் கிளப் பாட்டு வழியாகத் தமிழ்க் காதுக்குள் நுழைந்துவிட்டன. கியூபாவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த தாளம், பம்பாய், சென்னை ரிக்கார்டிங் அறைகளைத் தாண்டி, இலங்கை வானொலி ஏறி, தேவாரம் டீக்கடைக்கு வந்து சேர்ந்திருந்தது. முப்பது, நாற்பது பேர் வாசித்த இடையிசையை ஒரு பெட்டியும் இரண்டு தோல் வாத்தியமும் வைத்துக்கொண்டு மேடையில் நம்ப வைக்க வேண்டும். அதற்கு முதலில் பாட்டைப் பிரித்துக் கேட்கத் தெரிய வேண்டும். வயலின் எங்கே போகிறது, அடியில் பாஸ் என்ன செய்கிறது, எதை விட்டாலும் பாட்டு நிற்கும், எதை விட்டால் விழும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக நொட்டேஷன் எழுதிக் கொடுக்கும் பிற்கால இளையராஜாவின் காது இங்கேதான் தீட்டப்பட்டது என்பது என் கணிப்பு.

பத்தாண்டில் 20,000 மேடை ஏறினார்கள் என்று எழுதுவார்கள். வகுத்துப் பார்த்தால் ஒருநாள் விடாமல் நாளுக்கு ஐந்து மேடைக்கு மேல் வருகிறது. பஸ் கிடைத்திருக்காது. எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். ஆனால் குறைத்த பிறகு மிஞ்சுவதே எந்தப் பெரிய பேண்டுக்கும் பொறாமை தரக்கூடியது.

திஹுவானாவில் ஒரு பையன்

இதே ஆண்டுகளில் உலகத்தின் மறுகோடியில் இன்னொரு பையன் மேடைத் தொழிலைக் கற்றுக்கொண்டிருந்தான். கார்லோஸ் சந்தானா, 1947-இல் மெக்சிகோவின் ஔத்லானில் பிறந்தவர். அப்பா ஹோசே மரியாச்சி வயலின்காரர், தெருவிலும் விருந்திலும் வாசித்துச் சம்பாதிக்கிறவர். பையனுக்கு முதலில் வயலின்தான் சொல்லிக் கொடுத்தார். குடும்பம் அமெரிக்க எல்லையில் இருக்கும் திஹுவானாவுக்குக் குடிபெயர்ந்தது. பையன் கிட்டாருக்கு மாறி அங்குள்ள கிளப்புகளில் வாசித்தான். பிறகு சான் பிரான்சிஸ்கோ. 1966-இல் அவர் பெயரிலேயே பேண்ட்.

1969 ஆகஸ்ட்டில் வுட்ஸ்டாக் மேடையில் அவர்கள் ஏறியபோது கூட்டத்தில் பெரும்பாலானோருக்கு அந்தப் பெயரே புதிது. இறங்கியபோது அமெரிக்கா முழுக்கத் தெரிந்திருந்தது. மின்கிட்டாருக்குப் பின்னால் காங்காவும் டிம்பாலும் முழங்கியதுதான் காரணம். 1970-இல் வந்த 'அப்ராக்ஸஸ்' தொகுப்பில் உலகமே முணுமுணுத்த பாட்டு ஒன்று சந்தானாவின் சொந்தச் சரக்கு அல்ல. டிட்டோ புவெந்தே என்ற நியூயார்க் தாளக்காரர் சில ஆண்டுகளுக்கு முன் போட்ட சா-சா-சா. சந்தானா அதைத் தன் கிட்டாருக்குள் இழுத்து வேறொரு தலைமுறையின் கையில் கொடுத்தார். பழகிய மெட்டு, புதிய ஆவேசம். பாவலர் வரதராசனுக்கு இது உடனே புரிந்திருக்கும்.

லத்தீன் ராக் என்று அதற்குப் பெயர் வைத்து விற்றார்கள். இங்கே பண்ணைப்புரத்துச் சரக்குக்குப் பெயர் வைக்க ஆளில்லை. 'பாவலர் கச்சேரி' என்றார்கள். ஒப்பீடு இங்கே நின்றுவிடுகிறது, அதற்கு மேல் நீட்டினால் வம்பு. ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. 1970-களின் தொடக்கத்தில் புகழின் உச்சியில் இருந்த சந்தானா, வங்காளத்தில் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய ஸ்ரீ சின்மோய் என்ற குருவிடம் போய் 'தேவதீப்' என்று பெயர் வாங்கிக்கொண்டார். நம் இளையராஜா கட்சி மேடையிலிருந்து திருவண்ணாமலை ரமணரிடம் போய்ச் சேர்ந்தார். இருவரின் பழைய ரசிகர்களும் தலையைச் சொறிந்துகொண்டார்கள்.

ரேடியோ விற்ற காசு

1964-இல் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கல் கவிதைக்கு ராசய்யா மெட்டுப் போட்டார். அவருடைய முதல் இசையமைப்பு என்று சொல்லப்படுவது இதுதான். கம்யூனிஸ்ட் மேடைப் பையன், காங்கிரஸ் தலைவருக்கு இரங்கல், எழுதியவர் சினிமாக் கவிஞர். கட்சி எல்லைகளை இசை எப்படிச் சட்டை செய்யாமல் தாண்டும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. அதே ஆண்டில்தான் கட்சியும் இரண்டாக உடைந்தது.

மேடையில் கைதட்டல் உண்டு, வருமானம் சொற்பம். பள்ளிக் கட்டணத்துக்காக வைகை அணை கட்டும் வேலையில் நாள்கூலியாகப் போனதை இளையராஜா சொல்லியிருக்கிறார். அணை 1959-இல் திறக்கப்பட்டது. அவர் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஆகவே சென்னைதான் வழி என்று மூன்று தம்பிகளும் முடிவு செய்தார்கள். அம்மா வீட்டிலிருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்றுக் கொடுத்த கதையைத் தமிழ்நாட்டில் கேட்காதவர் யார்? கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன அந்தக் கதையில் எனக்கு உறைப்பது வேறு. அந்த வீட்டில் ரேடியோ வெறும் சொத்து அல்ல, தொழிற்கருவி. மெட்டுக்கள் வந்த வாசலே அதுதான். அதை விற்றுவிட்டுக் கிளம்புகிறவன் இனி மெட்டைக் கேட்டுப் பாடப் போவதில்லை, மெட்டு உண்டாகும் இடத்துக்கே போகிறான்.

1968-இல் சென்னை. ஊருக்குள் இருந்த பேண்ட் அங்கே கலைந்துவிடவில்லை, முன்னணிப் பாடகரை மாற்றிக்கொண்டது. அப்போதுதான் மேலே வந்துகொண்டிருந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் ராசய்யா கிட்டாரும் பிறகு ஆர்மோனியமும், பாஸ்கர் தாளமும், அமர் கிட்டாரும் வாசித்தார்கள். சபாக்கள், கல்யாணங்கள், கல்லூரி விழாக்கள். பின்னாளில் ஆயிரக்கணக்கான பாடல்களில் சேர்ந்து நிற்கப்போகிற அந்தக் குரலும் அந்தக் கையும் பழகியது இந்தச் சில்லறைக் கச்சேரிகளில்தான்.

மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ராசய்யா என்ற பெயரை 'ராஜா' என்று சுருக்கியவர் அவர். பாக்கும் மொஸார்ட்டும் அந்த அறையில் அறிமுகமானார்கள். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் ராஜா தங்கப் பதக்கம் வாங்கினார். பகலில் இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை, பெரும்பாலும் கன்னடப் படங்கள். சலீல் சௌதுரி போன்றவர்களின் ரிக்கார்டிங்கில் கிட்டார். ஒரு சினிமாப் பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்பதை வெளியிலிருந்து பிரித்துக் கேட்டுப் பழகியவர், இப்போது உள்ளே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்.

இவை நடந்துகொண்டிருந்தபோது, 1973-இல், பாவலர் வரதராசன் காலமானார்.

1976

மூன்று ஆண்டு கழித்து 'அன்னக்கிளி' வந்தது. பஞ்சு அருணாசலத்திடம் கதாசிரியர் செல்வராஜ் அழைத்துப் போய் அறிமுகப்படுத்த, ராஜா மேசையில் தாளம் தட்டியே பாடிக் காட்டினார் என்பார்கள். ஏ.எம். ராஜா என்று ஒருவர் ஏற்கெனவே இருந்ததால் 'இளைய' முன்னால் சேர்ந்தது. முதல் ரிக்கார்டிங்கில் கரண்ட் போனதும், அபசகுனம் என்று முகங்கள் சுருங்கியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. குழாய் ஸ்பீக்கர் கரகரத்து அறுந்துபோன எத்தனையோ கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

'அன்னக்கிளி'யோடுதான் நாட்டுப்புற இசை சினிமாவுக்கு வந்தது என்பது மிகை. கே.வி. மகாதேவன் அதற்கு வெகு முன்பே கிராமத்து மெட்டைத் திரையில் ஏற்றிவிட்டார். இளையராஜா செய்தது வேறு. மெட்டு மேலே வயக்காட்டில் நடந்துகொண்டிருக்கும். அடியில் பாஸ் கிட்டார் தன் போக்கில் இன்னொரு கதை சொல்லும். வயலின்கள் இரண்டுக்கும் நடுவே பேசும். கேட்கிறவனுக்கு எது ஊர், எது வெளியூர் என்று பிரிக்கத் தெரியாது. சிவப்புக் கொடி மேடையில் அண்ணன் வார்த்தையை மாற்றினார், மெட்டைத் தொடவில்லை. தம்பி மெட்டை ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் மாற்றினார்.

அடுத்த ஆண்டு '16 வயதினிலே'. இயக்குநர் பாரதிராஜா, தேனி அல்லிநகரத்துக்காரர். சுகாதாரத் துறையில் மலேரியா ஒழிப்பு வேலையில் இருந்த காலத்திலேயே பாவலர் வீட்டுப் பழக்கம். அந்தப் படத்தில் கங்கை அமரன் எழுதிய பாட்டைப் பாடித்தான் எஸ். ஜானகி தேசிய விருது வாங்கினார். ஒரே பள்ளத்தாக்கிலிருந்து இயக்குநர், இசையமைப்பாளர், பாட்டுக்காரர். சில ஆண்டுகள் கழித்து வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்துவும் வந்து சேர்ந்தார். தமிழ்நாட்டின் கிராமம் எப்படி இருக்கும் என்று எண்பதுகளில் நகரத்துக்காரன் மனதில் பதிந்த சித்திரம் பெரும்பாலும் தேனி மாவட்டத்தின் சித்திரம். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதில் வருத்தம் உண்டு.

பேண்ட் அதற்குள் நிறுவனமாகிவிட்டது. பாஸ்கர் தயாரிப்பாளர் ஆனார். 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்று அண்ணன் பெயரில் நிறுவனம் வைத்து 1981-இல் 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்தார். மேடையில் பெயர் வாங்கியவரின் பட்டம் திரையின் தொடக்க அட்டையில் வந்தது. கங்கை அமரனின் வேகம் யாருக்கும் பிடிபடாதது. பாட்டெழுதினார், 'சுவரில்லாத சித்திரங்கள்', 'மௌன கீதங்கள்', 'வாழ்வே மாயம்' என்று தானே இசையமைத்தார், 'கோழி கூவுது'வில் இயக்குநரும் ஆனார். 1989-இல் 'கரகாட்டக்காரன்' மதுரையில் ஓராண்டைத் தாண்டி ஓடியது. அந்தப் படத்தின் கதாநாயகர்களே ஒரு மேடைக் குழுதான். ஊர் ஊராகப் போய் ஆடுகிறவர்கள், கூட்டத்தின் கைதட்டலை நம்பி வாழ்கிறவர்கள். இந்தச் சகோதரர்கள் தங்கள் வாழ்க்கையைப் படமாக எடுத்ததில்லை என்பார்கள். எனக்கென்னவோ அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் பாவலர் குழுவின் சாயல் தட்டுப்படுகிறது. வாழைப்பழ நகைச்சுவையின் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

எல்லாப் பேண்டுகளையும் போல இதற்கும் விரிசல் வந்தது. இளையராஜாவும் கங்கை அமரனும் பல ஆண்டுகள் பேசாமல் இருந்தார்கள். 2022-இல் சந்தித்தபோது அந்தப் புகைப்படம் செய்தியானது. இசை அடுத்த தலைமுறைக்கும் போனது: கார்த்திக் ராஜா, யுவன், பவதாரிணி ஒரு பக்கம், வெங்கட் பிரபு, பிரேம்ஜி இன்னொரு பக்கம். 'பாரதி' படத்துக்காகத் தேசிய விருது வாங்கிய பவதாரிணி 2024 ஜனவரியில் மறைந்தபோது, சென்னையிலிருந்து உடலைக் கூடலூருக்கு அருகே லோயர் கேம்ப்புக்குத்தான் கொண்டுவந்தார்கள். பாட்டி சின்னத்தாயும் அம்மா ஜீவாவும் அங்கேதான் இருக்கிறார்கள்.

யாருடைய மெட்டு?

2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் குழு இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது. பெட்டியில் தொடங்கிய பயணம் என்று எல்லா ஊடகங்களும் எழுதின, சரிதான். நான் பேச நினைப்பது அதே ஆண்டுகளில் நீதிமன்றங்களில் நடந்த இன்னொரு பயணத்தைப் பற்றி.

2017-இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் வெளிநாட்டுக் கச்சேரிகளுக்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. தன் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக் கூடாது என்று. 2019-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவருடைய தார்மீக உரிமையை அங்கீகரித்தது. 2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' படப் பாட்டைப் பயன்படுத்தியதற்கு நோட்டீஸ். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள்.

நியாயம் அவர் பக்கம் நிறையவே இருக்கிறது. கேசட் காலத்தில் ஒரு பாட்டு எத்தனை லட்சம் பிரதி விற்றாலும் போட்டவருக்கு என்ன வந்தது என்பது திரையுலகில் எல்லோருக்கும் தெரியும். 1,000 படங்களைத் தாண்டி இசையமைத்தவர் தன் உழைப்புக்குக் கணக்குக் கேட்டால் அதைப் பேராசை என்பவர்கள், தங்கள் சம்பளத்தை ஒருநாள் விட்டுக்கொடுத்துப் பார்க்கலாம். அதே சமயம் இந்த வழக்குகளில் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. அவருக்குச் சோறு போட்ட முதல் தொழில் அடுத்தவர் மெட்டில் பாடுவது. தேவிகுளத்து லயங்களில் ஒலித்த மெட்டுக்களுக்கு உரியவர்கள் கோடம்பாக்கத்தில் இருந்தார்கள். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. மெட்டு அன்று ஊர்க் கிணறு மாதிரி இருந்தது. இன்று மீட்டர் வைத்திருக்கிறார்கள். எதில் தண்ணீர் நன்றாக இருந்தது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். கிணற்று முறையில் பாவலர் வரதராசன் உருவானார், ஆனால் அவர் பாட்டுக்கு அன்றைய மேடையைத் தாண்டி ஆயுள் இல்லை. வார்த்தை அந்தத் தேர்தலுக்கானது, தேர்தல் முடிந்தால் பாட்டும் முடிந்தது. மீட்டர் முறையில் தம்பியின் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பெயரும் தேதியும் உண்டு.

கம்பம் வீதியில் தேர்தல் வந்தால் இன்றும் பிரச்சார ஆட்டோக்கள் சுற்றுகின்றன. ஏதாவதொரு ஹிட் பாட்டின் மெட்டில், காதலி இருந்த இடத்தில் வேட்பாளர் பெயர், பூ இருந்த இடத்தில் சின்னம். கீபோர்டு, ரிதம் பேட், ஒரே நாளில் ஸ்டூடியோ வேலை. மெட்டுக்களில் பாதி இளையராஜாவுடையது. அந்த ஆட்டோக்காரர்களுக்கு நோட்டீஸ் போனதாக நான் இதுவரை கேள்விப்படவில்லை.